பழைய ஓத் கூத்யூர் உடைகளைச் சேகரிப்பது: லேபிளை நம்புவதா, தையலை நம்புவதா?

இழையோடி கேட்டது:

வணக்கம். ஒருவரின் உடலளவுக்கென்றே கையால் தைக்கப்படும் பாரிஸின் ஓத் கூத்யூர் உடைகளை அருங்காட்சியகக் கண்ணாடிகளுக்குப் பின்னாலும் ஏலப் பட்டியல்களின் படங்களிலும் மட்டுமே பார்த்துவந்த எனக்கு, அவற்றுள் ஒன்றிரண்டையேனும் சொந்தமாக வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது உறுதிப்பட்டிருக்கிறது. புதிதாக அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை. ஒரு பகலுடைக்கே பல பத்தாயிரம் யூரோ கேட்கும் உலகம் அது. ஆகவே 1940களுக்கும் 1970களுக்கும் இடைப்பட்ட பழைய உடைகளையே மனத்தில் வைத்திருக்கிறேன்.

அண்மையில் ஓர் ஏலப் பட்டியலில் அடுத்தடுத்து இருந்த இரண்டு உடைகள் என்னைக் குழப்பிவிட்டன. முதலாவது கறுப்புப் பட்டில் தைத்த மாலையுடை. அதன் உட்புறத்தில் ‘கிறிஸ்தியன் தியோர், நியூயார்க்’ என்ற லேபிள் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது பழுப்பு நிறக் கம்பளியில் அமைந்த ஒரு பகலுடை. அதில் லேபிளே இல்லை, மையால் எண் எழுதிய வெள்ளை நாடாத்துண்டு ஒன்று மட்டும் உள்ளே தைக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் அதைப் பாரிஸில் பணியாற்றிய வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் உடை என்கிறது. பெயர் உள்ளதைவிடப் பெயர் இல்லாததற்கு மூன்று மடங்கு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். இது ஏன்? இத்தகைய உடைகளை வாங்குவோர் உண்மையில் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்? வாங்கியபின் எப்போதாவது அணியலாமா, அல்லது பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டியதுதானா?

ஊசிமுனை எழுதியது:

மதிப்பீட்டில் தவறில்லை. நீங்கள் முதலாவதாகக் குறிப்பிட்ட உடை ஓத் கூத்யூர் வகையில் சேராது. பாரிஸைச் சேர்ந்த தியோர் நிறுவனம் 1948இல் நியூயார்க்கில் ஒரு கிளையைத் தொடங்கி, அமெரிக்கச் சந்தைக்கென்று உயர்விலை ஆயத்த உடைகளைத் தயாரித்தது. துணியும் வெட்டும் சிறப்பாக இருக்கும், ஆனால் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் உடலுக்கென்று பாரிஸ் தையற்கூடத்தில் உருவான உடை அன்று அது. ஓத் கூத்யூர் என்ற பெயரை விரும்பியவர் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. 1945 முதல் பிரெஞ்சுச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பெயர் அது. பாரிஸில் தையற்கூடம் இருக்க வேண்டும், அதில் வரையறுத்த எண்ணிக்கையில் முழுநேரத் தையற்கலைஞர்கள் பணிபுரிய வேண்டும், ஆண்டுக்கு இருமுறை புதிய தொகுப்பைக் காட்ட வேண்டும், வாடிக்கையாளருக்கு அளவெடுத்துப் பலமுறை உடலில் பொருத்திப் பார்த்துத் தைக்க வேண்டும் என்பன அதற்கான நிபந்தனைகளுள் முக்கியமானவை.

ஒரே பெயரின் கீழ் பல தரங்கள் இருப்பதுதான் புதிதாக வருவோரைத் தடுமாற வைக்கிறது. வடிவமைப்பாளர் இவ் சேன் லோரானின் லேபிளில் ‘ரீவ் கோஷ்’ என்று இருந்தால், அது 1966இல் அவர் தொடங்கிய ஆயத்த உடைக் கிளையைச் சேர்ந்தது. ஷனெல் லேபிளில் ‘பூத்திக்’ என்ற சொல் சேர்ந்திருந்தாலும் அதே நிலைதான். இவற்றோடு, அமெரிக்கப் பேரங்காடிகள் பாரிஸின் மாதிரி உடைகளை உரிமத்தோடு வாங்கித் தம் ஊரில் அச்சு அசலாகப் பிரதியெடுத்து விற்ற உடைகளும் உண்டு; அவற்றின் லேபிளிலும் வடிவமைப்பாளரின் பெயர் காணப்படுவதால், படத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது எளிது. தியோரின் பாரிஸ் உடையென்றால், அக்கால லேபிளில் பருவமும் ஆண்டும் நெய்யப்பட்டிருக்கும். மையால் ஓர் எண்ணும் இருக்கும். பலென்சியாகா உடையில் நீங்கள் கண்ட நாடாத்துண்டும் அத்தகைய அடையாளமே. சுங்கவரிக்குத் தப்புவதற்காக லேபிளைப் பிரித்தெடுத்த வாடிக்கையாளர்கள் அந்நாளில் இருந்தார்கள் என்பதால், லேபிள் இல்லாததையே ஒரு குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

எனினும் நாடாவையும் லேபிளையும் யாரும் பிரித்து வேறோர் உடையில் தைத்துவிடலாம். ஆகவே நான் முதலில் உடையை உட்புறமாகத் திருப்பச் சொல்லிப் படம் கேட்பேன். கையால் தைத்த உடையின் உட்புறம் ஏறக்குறைய ஒரு வாக்குமூலம். இணைப்புத் தையலின் இருபுறமும் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள், ஏனென்றால் அந்தப் பெண்ணின் உடல் மாறினால் தையற்கூடமே அதைப் பிரித்துத் தைத்துக்கொடுக்க வேண்டும். அந்த ஓரங்கள் இயந்திரத்தில் ஓவர்லாக் செய்யப்படாமல், பட்டு நூலால் கையாலேயே சுற்றித் தைக்கப்பட்டிருக்கும். ஜிப்பும் கையால் பொருத்தப்பட்டிருக்கும். இடுப்பில் ஒரு கெட்டி நாடா தனியே கொக்கியிட்டு மாட்டப்படும். உடையின் முழுப் பாரத்தையும் தோளுக்குப் போகவிடாமல் இடுப்பிலேயே தாங்கி நிறுத்துவது அதுதான்.

ஷனெலின் கம்பளிக் கோட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பட்டு லைனிங், கம்பளியோடு சேர்த்து வரிவரியாகத் தைக்கப்பட்டிருக்கும், ஆனால் அந்த வரிகள் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாது. கீழ்மடிப்பை ஒட்டி உட்புறத்தில் ஒரு மெல்லிய உலோகச் சங்கிலி ஓடும். அலங்காரத்துக்காக அதை வைக்கவில்லை; அணிபவர் உட்கார்ந்து எழும்போதும் கோட்டு நேராக விழ வேண்டும் என்பதற்கான எடை அது. கைக்குழியை, அதாவது உடையின் கை இணையும் துளையை, உடலோடு ஒட்டி உயரமாக வெட்டியிருப்பதால், கையைத் தூக்கினாலும் கோட்டின் உடற்பகுதி கூடவே மேலேறுவதில்லை. இவற்றில் எதுவும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. சேகரிப்பாளரைப் பிடித்துக்கொள்வது இந்த மறைவான உழைப்புதான் என்று நான் நினைக்கிறேன்.

குறுக்குவெட்டு எழுதியது:

ஊசிமுனை கூறியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் உள்வேலை மிகுதியாக இருந்தால்தான் உயர்ந்த உடை என்ற முடிவுக்கு இழையோடி வந்துவிடக் கூடாது. 1947 பிப்ரவரி 12 அன்று தியோர் காட்டிய முதல் தொகுப்பிலிருந்து அடுத்த பத்தாண்டுகள்வரை அவருடைய மாலையுடைகளுக்குள் வலைத்துணியும் எலும்புப் பட்டைகளும் கொண்ட ஒரு முழுக் கச்சு இருப்பது வழக்கம். உடை ஏறக்குறையத் தானே நிற்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பாரிஸ் வடிவமைப்பாளர் மதலேன் வியோனேயின் 1930களின் உடையை உட்புறமாகத் திருப்பினால், அங்கே பார்ப்பதற்கு எதுவுமே இல்லையே என்று தோன்றும். அவருடைய திறமை முழுவதும் துணியைக் குறுக்காக வெட்டியதில் இருந்தது. இழையின் நேர்த்திசையில் இழுத்தால் நீளாத துணி, மூலைவாட்டில் இழுத்தால் நீண்டு கொடுக்கும். அந்த இழுவையைக்கொண்டே கச்சு இல்லாமலும், சில உடைகளில் கொக்கிகூட இல்லாமலும், உடலைத் தழுவி விழும் உடையை அவர் அமைத்தார். சிறிய மரப் பொம்மையின்மீது துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தே வடிவத்தைக் கண்டடைவது அவர் வழக்கம். அந்த உடைகளைத் தாங்கியில் மாட்டினால் கந்தலைப் போலத் தெரியும். படத்தில் அழகாக இல்லை என்று ஏலத்தில் பலர் கடந்துபோய்விடுவதும் அதனால்தான்.

பிரதிகளுக்கு எதிராக அவர் நடத்திய போராட்டமும் சேகரிப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. தம் லேபிள்களில் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். ஒவ்வொரு வடிவத்தையும் படமெடுத்து ஆல்பங்களாகத் தொகுத்து வைத்தார். 1939இல் கடையை மூடிய பின்னர், 1952இல் தம் உடைகளையும் அந்த ஆல்பங்களையும் பாரிஸின் உடைக்கலைச் சங்கம் ஒன்றுக்கு நன்கொடையாக அளித்துவிட்டார். இன்று ஒரு வியோனே உடையை உறுதிப்படுத்த அந்தப் படங்கள் எவ்வளவு உதவுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் பார்த்த பலென்சியாகா பகலுடையும், உள்வேலையைவிட வெட்டிலேயே திறமையைக் காட்டும் இந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். அவருடைய 1950களின் கோட்டுகளில் முன்பக்கம் ஓரளவு உடலை ஒட்டியிருக்க, முதுகுப்பக்கம் விலகி நிற்கும். கழுத்துப்பட்டை பின்கழுத்திலிருந்து தள்ளி அமர்ந்திருக்கும். உடலுக்கும் துணிக்கும் இடையே உள்ள அந்த வெற்றிடத்தை வெட்டினாலேயே நிறுத்திக் காட்டுவது அவர் கைத்திறன். கையமைப்பில் அவருக்கு இருந்த பிடிவாதம் பெயர்பெற்றது: தைத்து முடித்த உடையின் கையைப் பிரித்தெறிந்து மீண்டும் பொருத்தச் சொல்வாராம். ஆகவே படம் கேட்கும்போது தோளிலும் கைக்குழியிலும் பழைய ஊசித்துளைகளின் வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். பின்னாளில் வேறு யாரோ கையைப் பிரித்துச் சிறிதாக்கியிருந்தால், அந்த உடையின் உயிரே போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு நாடாவில் எண் இருந்து என்ன பயன்?

வெண்பட்டு எழுதியது:

துணிப் பாதுகாப்புப் பணியில் இருப்பதால், அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் பொருளைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். சில உடைகளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் புதியவர்கள் வாங்க வேண்டாம் என்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930கள்வரை பட்டுக்குக் கனமும் சலசலப்பும் சேர்ப்பதற்காக அதை வெள்ளீய உப்புக் கரைசலில் ஊறவைத்தார்கள். அந்த உப்பே காலப்போக்கில் இழையை அறுக்கிறது. துணி மடிப்புகளிலிருந்து தொடங்கி நேர்க்கோடுகளாகக் கீறிப்போகிறது. அதை நிறுத்த வழியில்லை. லைனிங்கில் மட்டும் இருந்தால் சமாளிக்கலாம், மேல்துணியே அப்படியென்றால் விட்டுவிடுங்கள். அதே காலத்துச் சமிக்கிகளில் ஒரு வகை ஜெலட்டினால் ஆனது. ஈரம் பட்டால் கரையும், சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். நல்ல எண்ணத்தோடு நீராவி காட்டித் துணியின் சுருக்கத்தை நீக்கப் போய் மார்புப் பகுதி முழுவதும் ஒரே கட்டியாகிப்போன உடை ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. 1960களின் பிளாஸ்டிக் உடைகளும் நுரைப்பஞ்சு ஒட்டிய துணிகளும் வேறு விதமாகக் கெடும்: பிளாஸ்டிக் பிசுபிசுக்கும், நுரைப்பஞ்சு பொடியாகும்.

மணிவேலை உள்ள உடையென்றால் பின்பக்கத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். லூனேவீல் என்ற பிரெஞ்சு மணித்தையல் முறையில், துணியைச் சட்டத்தில் இழுத்துக்கட்டி, அதன் பின்புறம் மேலே தெரிய வைத்து, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுவார்கள். மணிகள் அடிப்பக்கத்தில் கோக்கப்படும், தைப்பவர் வேலையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. லெசாஜ் போன்ற பாரிஸ் எம்பிராய்டரிக் கூடங்களின் பெருமைக்குப் பெரிதும் காரணமான முறை இது. வேகமும் நேர்த்தியும் தரும் அந்தச் சங்கிலித் தையலுக்கு ஒரு பலவீனமும் உண்டு: நூல் ஓரிடத்தில் அறுந்து முனை தளர்ந்தால் ஒரு வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். தொங்கும் நூல்முனையை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இருபுறமும் ஒரு தையலால் கட்டி நிறுத்தும்வரை உடையைத் தூக்கவும் வேண்டாம்.

வைக்கும் முறை எளிதுதான், பொறுமை மட்டும் வேண்டும். குறுக்கு வெட்டு உடைகளையும் மணிவேலை உடைகளையும் மாட்டி வைக்கக் கூடாது. அமிலமற்ற அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, மடியும் இடங்களிலெல்லாம் அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டி வைக்க வேண்டும். கெட்டியான கோட்டுகளை அகலமாகப் பஞ்சு வைத்த தாங்கியில் மாட்டலாம். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளியை வரம்பாக வைக்கின்றன, அதுவும் சில மாதங்களுக்கே. வெயில் வரும் அறையில் ஓர் உடையைப் பொம்மைக்கு அணிவித்து நிரந்தரமாக நிறுத்துவது, அதை மெதுவாக எரிப்பதற்குச் சமம். புதிதாக வாங்கிய கம்பளியைப் பூச்சிக்காகத் தனியே வைத்துச் சோதித்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

அணியலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. மரிலின் மன்றோ 1962இல் அணிந்த, திரைப்பட உடை வடிவமைப்பாளர் ஜான் லூயியின் உடை, 2022இல் நியூயார்க்கில் நடந்த மெட் காலா என்ற அருங்காட்சியக விருந்துக்கு மீண்டும் அணியப்பட்டபோது, உலக அருங்காட்சியகக் கூட்டமைப்பின் உடைக் குழு அறிக்கை வெளியிட்டு எதிர்த்தது. அது ஓத் கூத்யூர் அன்று என்றாலும் காரணம் ஒன்றே: வியர்வையையும் இழுவையையும் பட்டு மறப்பதில்லை.

அந்திவானம் எழுதியது:

வெண்பட்டின் கவலை நியாயமானது, ஆனால் எல்லா உடைகளையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கவில்லை. அசையும் உடலுக்காக உருவான ஒன்றை அசையாமல் மட்டுமே வைத்திருந்தால், பலென்சியாகாவின் முதுகுப்பக்கம் நடக்கும்போது எப்படிக் காற்றை வாங்கிக்கொள்கிறது என்பதை யாரும் அறியப்போவதில்லை. 1960களின் கெட்டிக் கம்பளிக் கோட்டை, மெல்லிய பருத்தி உள்ளாடைக்கு மேல், வாசனைத் திரவியம் எதுவும் பூசாமல் எப்போதாவது அணிவதால் உலகம் முழுகிவிடாது. ஷிஃபானையும் மணிவேலையையும் நானும் தொடமாட்டேன்.

இழையோடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பகலுடையின் உட்புறப் படங்களைக் கேட்டு எழுதியிருக்கிறேன். மேலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பெயர்பெற்ற சேகரிப்பாளர்கள் எந்த நோக்கத்தோடு சேர்த்தார்கள்? எனக்கு ஒரு வரையறை வேண்டும். இல்லையென்றால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுவேன் போலிருக்கிறது.

ஏலமேடை எழுதியது:

பின்னாளில் பெயர்பெற்ற வடிவமைப்பாளரான அசெதீன் அலாயாவின் கதை உங்களுக்கு உதவக்கூடும். 1968இல் பலென்சியாகா தம் நிறுவனத்தை மூடியபோது, எஞ்சிய உடைகளின் துணியைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று அலாயாவை அழைத்தார்கள். அப்போது அவர் பெரிதாக அறியப்படாத ஒரு தையற்கலைஞர். அந்த உடைகளின் வெட்டைக் கண்டவருக்குக் கத்தரியை வைக்க மனம் வரவில்லை; அப்படியே காப்பாற்றி வைத்தார். அங்கிருந்து வளர்ந்த சேகரிப்பு, 2017இல் அவர் மறையும்போது பல்லாயிரம் உடைகளைக் கொண்டிருந்தது. அதன் ஒரு பகுதியைப் பாரிஸின் உடை அருங்காட்சியகமான கல்லியேரா 2023இல் காட்சிக்கு வைத்தபோதுதான் அதன் அளவு வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் சேர்த்தது வெட்டைப் படிப்பதற்காக. டெட்ராய்ட்டைச் சேர்ந்த சாண்டி ஷ்ரையரின் வழி வேறு: சேர்த்த எதையும் தாம் அணிவதில்லை, ஓவியங்களைப் போலவே நடத்தவேண்டும் என்று வைத்திருந்து, தெரிந்தெடுத்த உடைகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளிக்க முன்வந்தார், 2019இல் அவற்றை வைத்துத் தனிக் கண்காட்சி நடந்தது. டாஃப்னி கின்னஸ் செய்தது இன்னொரு வகை. பிரிட்டிஷ் ஃபேஷன் பத்திரிகையாசிரியர் இஸபெல்லா புளோவின் உடைகள் 2010இல் ஏலத்தில் சிதறவிருந்த நேரத்தில், முழுவதையும் ஒரே தொகுப்பாக வாங்கி ஏலத்தையே நிற்கச் செய்தார். ஒரு பெண் எவற்றைத் தேர்ந்தெடுத்து அணிந்தாள் என்ற வரலாறு சிதறாமல் இருக்கட்டும் என்பதே அங்கே நோக்கம்.

இம்மூன்றில் முதலாவது வழிதான் அளவான பணம் உள்ளவருக்கு ஏற்றது என்று நான் கருதுகிறேன். நட்சத்திரம் அணிந்த உடைக்கும் பத்திரிகை அட்டையில் வந்த உடைக்கும் பெரும் பணம் போகிறது; அந்தப் போட்டியில் அருங்காட்சியகங்கள் மட்டுமல்லாமல், தம் ஆவணக் காப்பகத்துக்காகப் பழைய உடைகளைத் திரும்ப வாங்கும் பெரிய நிறுவனங்களும் எதிரில் நிற்கும். அவற்றை வெல்ல முடியாது. பகலுடைகளின் நிலை வேறு. ஒரு விருந்துக்கு மட்டும் அணிந்த மாலையுடை பெட்டியில் பத்திரமாகத் தப்பிவிடுகிறது, அன்றாடம் அணிந்த கோட்டும் பாவாடையும் தேய்ந்து மறைந்துவிடுகின்றன. ஆனாலும் மாலையுடைக்குக் கூடும் கூட்டம் பகலுடைக்குக் கூடுவதில்லை. வெட்டின் நுட்பம் தெரிய வேண்டுமென்றால் மினுக்கம் இல்லாத கம்பளியே சிறந்த பாடம். ‘1950களின் கைக்குழிகள்’ என்று ஒரு குறுகிய வரம்பை வைத்துக்கொண்டாலும் வாழ்நாள் முழுவதும் சேர்க்கலாம், விளையாட்டுக்காகச் சொல்லவில்லை.

காகிதங்களை விடாமல் கேளுங்கள். முதலில் யாருக்குத் தைக்கப்பட்டது, குடும்பத்திலிருந்து நேரே வருகிறதா, ரசீதோ அணிந்தபோது எடுத்த படமோ இருக்கிறதா என்பன உடையின் விலையை மாற்றும் செய்திகள். 2005இல், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பாரிஸ் வடிவமைப்பாளர் போல் புவாரேயின் மனைவி தெனிஸின் உடைகள் பாரிஸில் ஏலம் போனபோது அவ்வளவு பரபரப்பு எழுந்ததற்குக் காரணம், அவை அவர்கள் குடும்பத்திடமிருந்தே நேராக வந்ததுதான்.

ஊசிமுனை எழுதியது:

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தியல் விழும் தொகைக்கு, அதாவது ஏலம் முடியும் விலைக்கு, மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணம் நான்கில் ஒரு பங்கையும் தாண்டலாம். அதன்மேல் வரி, காப்பீடு, அனுப்பும் செலவு, அமிலமற்ற பெட்டி. கையில் உள்ள பணத்திலிருந்து இவை அனைத்தையும் கழித்துவிட்டு எஞ்சும் தொகையையே உங்கள் மேல்வரம்பாக எழுதி வையுங்கள். படங்கள் வந்ததும் இங்கே பகிருங்கள். குறிப்பாக அக்குள் பகுதியை இருபுறமும் எடுக்கச் சொல்லுங்கள். கறையும் தேய்மானமும் முதலில் அங்கேதான் தெரியும், விற்பவர்கள் படமெடுக்க மறந்துவிடும் இடமும் அதுவே.

இழையோடி எழுதியது:

படங்கள் வந்துவிட்டன. அக்குளில் இலேசான நிறமாற்றம் இருக்கிறது, துணி கிழியவில்லை. கைக்குழியில் ஒரே ஒரு வரிசை ஊசித்துளைகள்தாம் தெரிகின்றன, பிரித்துத் தைத்த தடயம் இல்லை. கீழ்மடிப்பை மட்டும் யாரோ ஒரு விரலளவு இறக்கியிருக்கிறார்கள்; பழைய மடிப்புக்கோடு இன்னும் அழியவில்லை. நாடாவின் எண்ணைக் குறித்து அந்நிறுவனத்தின் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன். ஏலத்துக்கு முன் பதில் வராவிட்டால் என் மேல்வரம்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

குறுக்குவெட்டு எழுதியது:

கீழ்மடிப்பை இறக்கியது பெரிய குறையன்று. பாவாடையின் நீளம் கூடிக் குறைந்த காலம் அது, வாடிக்கையாளரே கேட்டுச் செய்துகொண்டிருக்கலாம். அந்தப் பழைய மடிப்புக்கோட்டை இஸ்திரி போட்டு அழிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். வரம்பைப் பாதியாக்குவதும் சரியே. கைக்குழி நீங்கள் சொல்கிறபடி இருந்தால், காப்பகத்தின் பதில் வராவிட்டாலும் நான் ஏலத்திலிருந்து விலகமாட்டேன்.